பரணில் கிடக்கும் பழைய வெந்நீர் பாய்லர்: அடையாளம் காண்பது எப்படி?



சென்ற மாதம் கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, ஒரு அம்மா பழைய பாய்லர் ஒண்ணைக் கொண்டாந்து வச்சிருக்காங்க. வீட்டை இடிச்சுக் கட்டுறாங்களாம். பார்த்தா செம்பு மாதிரி இருக்கு. எடைக்குப் போட்டுக்கலாமா? கிலோவுக்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டார்.

"தம்பி, முதல்ல உடைச்சிராதீங்க. அது என்ன பாய்லர்னு பார்த்துட்டு அப்புறம் விலை பேசுவோம்" என்றேன்.

"பாய்லர்ல என்ன அண்ணாச்சி, பல தினுசா இருக்கு?" என்று அவர் கேட்டபோதுதான் இதை நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது. இப்போது ஊருக்கு ஊர் பழைய வீடுகள் இடிபடுகின்றன. பரணிலும் கொல்லைப்புறத்திலும் கிடந்த பாய்லர்கள் வெளியே வருகின்றன. பாத்திரக் கடைக்காரர்களிடம் மட்டுமல்ல, பழக்கத்தின் காரணமாகப் பலசரக்குக் கடைக்காரர்களிடமும் இவற்றைக் கொண்டுவந்து "இது என்ன பெறும்?" என்று கேட்கிறார்கள். 1979-இல் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன் நான். என் அனுபவத்தில் கற்றதையும், தப்புச் செய்து கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

பெயரில் மட்டும் பாய்லர்

முதலில் ஒரு விளக்கம். ஆலைகளிலும் அரிசி மில்களிலும் இருக்கும் பாய்லர் வேறு, நம் வீட்டு வெந்நீர் பாய்லர் வேறு. ஆலை பாய்லர் என்பது நாலாபுறமும் மூடிய கலத்தில் நீராவியை அழுத்தத்தோடு உண்டாக்குவது. அதற்கென்று 1923-ஆம் ஆண்டிலேயே இந்திய பாய்லர் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. வீட்டு பாய்லரில் நீராவி அழுத்தம் கிடையாது. அதன் வாய் எப்போதும் காற்றோடு தொடர்பு உள்ளதாகவே இருக்கும். தண்ணீரைச் சூடாக்குவது மட்டுமே அதன் வேலை. வாய் திறந்திருக்கும் வரையில்தான் அது சாதுவான பாத்திரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

நம் பக்கத்து வீட்டு பாய்லர் உருளை வடிவத்தில் இருக்கும். நடுவில் கீழிருந்து மேல் வரை ஒரு குழாய் போகும். அதன் அடியில் இரும்புக் கம்பிச் சல்லடை. மேலிருந்து குழாய்க்குள் அடுப்புக்கரியைப் போட்டால் அது சல்லடையில் நின்று எரியும். காற்று அடியிலிருந்து வந்து, சூடாகி, மேலே போகும். சாம்பல் கீழே விழும். தண்ணீர் இந்த நடுக்குழாயைச் சுற்றி நிற்கிறது.

இதன் சிறப்பு என்னவென்றால், நெருப்பைத் தண்ணீரே சூழ்ந்திருக்கிறது. சாதாரண அடுப்பில் அண்டாவை வைத்தால் நெருப்பு அடியில் மட்டும் படும், மிச்சச் சூடு பக்கவாட்டில் வெளியே போய்விடும். இதில் பக்கவாட்டில் போகும் சூடும் தண்ணீருக்கே போகிறது. ரஷ்யாவில் தேநீருக்குப் பயன்படும் சமோவாரும், காஷ்மீரத்துச் சமோவாரும் இதே தத்துவத்தில் அமைந்தவைதான். மராட்டிய மாநிலத்தில் இதே மாதிரி செம்புப் பாய்லரை 'பம்ப்' என்கிறார்கள். புனே நகரில் தாம்பட் என்ற செம்புக் கொல்லர் சமூகத்தார் கையால் அடித்துச் செய்வதற்குப் பெயர் பெற்றவர்கள். நம் ஊர் டீக்கடை பாய்லருக்கும் உள்ளே இருப்பது இந்த நடுக்குழாய்தான்.

எத்தனை வகை?

கடைக்கு வரும் பழைய சாமான்களை நான் நான்கு வகையாகப் பிரிப்பேன்.

முதல் வகை, பாய்லரே அல்லாதது. வெந்நீர் அடுப்பில் பதித்து வைத்திருந்த செம்புத் தவலை அல்லது கொப்பரை. நடுக்குழாய் இருக்காது. அடிப்பாகம் கரிப்பிடித்துக் கறுப்பாகவும், மேல்பாகம் சுத்தமாகவும் இருப்பதை வைத்தே எதுவரை அடுப்பில் பதிந்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாம் வகை, மேல்வழி பாய்லர். ஒரு பக்கம் புனல் போன்ற வாய் இருக்கும். அதிலிருந்து உள்ளே ஒரு குழாய் அடிவரை போகும். மறுபக்கம் உச்சியில் ஒரு மூக்கு இருக்கும். புனலில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே நிற்கும் வெந்நீரை மூக்கு வழியாக வெளியே தள்ளும். ஒரு செம்பு ஊற்றினால் ஒரு செம்பு வரும். சூடான தண்ணீர் இலேசாகி மேலே நிற்கும், குளிர்ந்தது கனத்துக் கீழே நிற்கும் என்ற விதியை வைத்துச் செய்தது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தண்ணீர் ஊற்றாமல் வெந்நீர் எடுக்க முடியாது. ஆகவே பாய்லர் காலியாகிக் காய்ந்துபோக வழியில்லை.

மூன்றாம் வகை, கீழ்க்குழாய் பாய்லர். அடிப்பக்கம் பித்தளைத் திருகுகுழாய் இருக்கும். திறந்தால் வெந்நீர் வரும். வசதியானது. ஆனால் தண்ணீரை முழுவதும் பிடித்துவிட்டு உள்ளே நெருப்பு எரிய விட்டுவிடும் ஆபத்து இதில் உண்டு. பற்று விட்டுப்போய் கடைக்கு வருபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

நான்காம் வகை, மாற்றம் செய்தது. பழைய செம்பு பாய்லரில் ஓட்டை போட்டு மின்சாரக் கம்பியைச் சொருகியிருப்பார்கள். இதைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும்.

செம்பா, பித்தளையா, தகரமா?

வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். ஐம்பது ஆண்டு புகை பட்டால் எல்லாமே ஒரே கறுப்புத்தான்.

முதலில் காந்தம். ஒரு சிறு காந்தத்தை உடல், அடி, நடுக்குழாய், கைப்பிடி என்று ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பாருங்கள். செம்பிலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. உடலில் ஒட்டினால் அது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, அல்லது செம்பு முலாம் பூசிய இரும்பு. உடல் செம்பாக இருந்து நடுக்குழாய் மட்டும் இரும்பாக இருப்பதும் உண்டு. ஆகவே ஓரிடத்தில் மட்டும் வைத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது புளியும் உப்பும். நம் கடையிலேயே இருக்கிற சரக்கு. உடலில் இரண்டு விரல் அகலத்துக்குப் புளியும் உப்பும் வைத்துத் தேயுங்கள். செம்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். பித்தளை மஞ்சளாகத் தெரியும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது என்பது உங்களுக்குத் தெரியும். விலையில் வித்தியாசம் இருப்பதால் இந்தச் சோதனையை வாடிக்கையாளர் கண்முன்னே செய்வது இருவருக்கும் நல்லது.

செம்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. சூட்டைக் கடத்துவதில் செம்பு பித்தளையைப் போல் மூன்று மடங்குக்கு மேல். எவர்சில்வரைப் போல் இருபது மடங்குக்கு மேல். அதோடு இரும்பைப் போல் துருப்பிடித்து ஓட்டையாவதில்லை. களிம்பு ஏறும், ஆனால் தகடு நிற்கும்.

வயதை எப்படிச் சொல்வது?

பெரும்பாலான பாய்லர்களில் வருடம் அச்சிட்டிருக்காது. ஆனால் சில தடயங்கள் உண்டு.

ஒன்று, இணைப்பு. பழைய வேலையில் இரண்டு தகட்டின் விளிம்பையும் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, பித்தளைப் பற்று வைத்துச் சுட்டு அடித்திருப்பார்கள். தேய்த்துப் பார்த்தால் சிவப்புச் செம்பின் நடுவே மஞ்சள் பல்வரிசை போலத் தெரியும். அது கன்னார் கைவேலை. பின்னால் வந்தவற்றில் காஸ் வெல்டிங் கோடு நேராக ஓடும்.

இரண்டு, சுத்தியல் தழும்பு. கையால் அடித்ததில் தழும்பு வரிசையாக, ஆனால் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டு இருக்கும். மிஷின் தகட்டில் மேற்பரப்பு மழமழப்பாக இருக்கும்.

மூன்று, அளவு. சில பழைய பாய்லர்களில் கேலன் கணக்கில் எண் பொறித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல் வந்தது. அது படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகே லிட்டர் கணக்கு பரவியது. ஆகவே கேலன் எண் இருந்தால் பெரும்பாலும் பழைய சரக்கு. ஒரு கேலன் சுமார் நாலரை லிட்டர்.

நான்கு, பெயர். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். பழையதில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். பின்னாளில் மின்சாரக் கருவியால் எழுதினார்கள். விளிம்பிலோ கழுத்திலோ தேடிப் பாருங்கள். பல பாத்திரங்களில் பெயரோடு தேதியும் இருக்கும்.

நான் படிக்காமல் விட்ட பெயர்

1988-ஆம் ஆண்டு. அப்பா ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் ஒரு பாய்லரை ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்தார். குழாய் ஒழுகுகிறது, இனி உபயோகமில்லை என்றார். மேல்வழி பாய்லர். காலணா உயரத்துக்குக்கூட நசுங்கல் கிடையாது. நல்ல செம்பு, பதினோரு கிலோ. ஒழுகியது மூக்கின் பற்றுதான். அரை மணி நேர வேலை. அதை நான் சொல்லவில்லை. பழைய செம்பு விலை போட்டுப் பணத்தைக் கொடுத்தேன். நல்ல வியாபாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே பட்டறைக்கு அனுப்பி, தட்டி மடக்கி, உருக்குக்குப் போய்விட்டது.

பத்தாம் நாள் ஒரு வயதான அம்மா வந்தார். "தம்பி, என் மருமக தெரியாம போட்டுட்டா. அது எங்கம்மா எனக்குச் சீர் கொடுத்தது. நீ கொடுத்த பணத்தைக் கொண்டாந்திருக்கேன், மேல கேட்டாலும் தரேன்" என்று முந்தானையிலிருந்து ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். கழுத்தில் தன் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும் என்று அடையாளம் சொன்னார். நான் என்ன சொல்ல முடியும்? உருக்கியாகிவிட்டது என்றேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வந்ததும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பேரைப் படிச்சியாடா?"

சட்டப்படி நான் செய்தது தப்பில்லை. எடை சரி, விலை சரி. ஆனால் கொண்டுவந்தவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லாமல் லாபம் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்தோம். பெயர் வெட்டிய பழைய பாத்திரம் எது வந்தாலும் பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம். வாங்கிய பிறகும் பதினைந்து நாள் உடைக்காமல் தனியாக வைப்போம். அந்த வழக்கத்தால் திரும்பிப் போன பாத்திரங்கள் சில உண்டு. அதனால் எங்களுக்கு நஷ்டம் என்று ஒன்றும் வரவில்லை. திரும்ப வாங்கிப் போனவர்கள் எல்லோரும் இன்று வரை எங்கள் வாடிக்கையாளர்கள்.

எடை போடும்போது கவனிக்க வேண்டியவை

பழைய பாய்லர் பதினான்கு கிலோ நிற்கிறது என்றால் பதினான்கு கிலோவும் செம்பு அல்ல. இரும்புச் சல்லடை, கால்கள், பித்தளைக் குழாய் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே நிறுக்க வேண்டும். மிக முக்கியமானது உள்ளே படிந்த உப்பு. கிணற்றுத் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் காய்ச்சக் காய்ச்ச, அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து நடுக்குழாயின்மேல் கல்லாக ஒட்டிக்கொள்ளும். கைவிட்டுத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். தட்டினால் கணீரென்ற ஓசைக்குப் பதில் மொத்தென்று கேட்கும். இந்தக் கல் ஒரு கிலோ, இரண்டு கிலோகூட இருக்கலாம்.

இந்த உப்பு, எடையை மட்டும் கெடுப்பதில்லை. சூட்டைக் கடத்துவதில் அது செம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கரி அதிகம் எரியும், தண்ணீர் சுடாது. "பாய்லர் பழசாயிடுச்சு, முன்ன மாதிரி சுடலை" என்று கொண்டுவருபவர்களின் பாய்லரில் பல சமயம் இதுதான் கோளாறு. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் பெருமளவு போய்விடும். கல் தடிப்பாக இருந்தால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது பற்றையும் தகட்டையும் அரிக்கும். அதன் புகையும் கெடுதல். வேண்டவே வேண்டாம். எலுமிச்சை உப்பு நம் கடையிலேயே கிடைக்கும் சரக்கு. வாடிக்கையாளருக்கு நல்ல யோசனையும் சொன்னதாகும், வியாபாரமும் ஆகும்.

செலவுக் கணக்கு

பழைய பாய்லர் இன்றைக்கு லாபமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி. ஆக 20 பெருக்கல் 35, 700 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் தருவது சுமார் 860 கிலோ கலோரி. எனவே மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். நல்ல அடுப்புக்கரி ஒரு கிலோ சுமார் 7,000 கிலோ கலோரி தரும். கணக்குப்படி 100 கிராம் போதும். பாதிச் சூடு புகையோடு போய்விடும் என்று வைத்தாலும் 200 கிராம். உங்கள் ஊரில் கரி விலையையும் மின்கட்டணத்தையும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கரியை விலைக்கு வாங்குகிறவருக்குப் பெரிய லாபம் இருக்காது. சிரட்டை, சுள்ளி இவை வீட்டிலேயே கிடைக்கும் தோட்டத்து வீட்டுக்காரருக்கு லாபம்தான். மின்சாரம் நின்ற நாளிலும் வெந்நீர் கிடைக்கும்.

இந்த உண்மையை அப்படியே வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். இல்லாத லாபத்தைச் சொல்லி விற்ற பொருள் நம் கடைக்கே திரும்பி வரும்.

பழுது பார்த்து விற்பவர்களுக்கு ஐந்து எச்சரிக்கைகள்

1. தண்ணீர் முதலில், நெருப்பு பிறகு. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை தகடு அதிகம் சூடேறாது. தண்ணீர் நூறு டிகிரிக்குமேல் போகாமல் தகட்டைக் காப்பாற்றும். தண்ணீர் இல்லாமல் கரியைப் போட்டால் நிலைமை வேறு. உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஈயப்பற்று அதற்கும் முன்பே விட்டுவிடும். குழாய் மாற்றி, பற்று வைத்துக் கொடுத்தாலும், காய்ச்சுகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஒரே மாதத்தில் திரும்ப வரும்.

2. வாயை அடைக்கக் கூடாது. தண்ணீர் ஒரு லிட்டர் முழுவதும் ஆவியானால் அது 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வழி இருந்தால் போய்விடும். வழி இல்லாவிட்டால் பாத்திரத்தைக் கிழித்துக்கொண்டு போகும். புனல் வாயில் துணி அடைப்பது, மூடியின்மேல் கல் வைப்பது, ஒழுகுகிறதென்று மூக்கை அடைத்துவிடுவது, இவையெல்லாம் சாதுவான பாத்திரத்தை வெடியாக மாற்றும் வேலை. பழைய பாய்லர் வந்தால் புனலிலிருந்து மூக்கு வரை தண்ணீர் தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்காமல் விற்காதீர்கள். உப்புக்கல் அடைத்திருக்கலாம்.

3. மூடிய குளியலறையில் கரி எரிக்கக் கூடாது. இது உயிர்ப் பிரச்சினை. கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். பழைய வீடுகளில் வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தது. இன்று குளியலறை வீட்டுக்குள், கண்ணாடி அடைத்த ஜன்னலோடு இருக்கிறது. என்னிடம் பழுது பார்த்த பாய்லர் வாங்கிப் போன ஒரு வீட்டில், கல்லூரிப் படிப்புப் படிக்கும் பையன் குளிக்கப் போனவன் வெளியே வரவில்லை. கதவை உடைத்துத் தூக்கினார்கள். நல்லவேளை பிழைத்துக்கொண்டான். "எங்கே வைக்கப் போறீங்க?" என்று நான் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. அன்று முதல் கேட்காமல் விற்பதில்லை. யாருக்காவது இப்படி நேர்ந்தால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வந்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

4. மின்சாரக் கம்பி சொருகிய பாய்லரை அப்படியே விற்காதீர்கள். செம்பு சூட்டை மட்டுமல்ல, மின்சாரத்தையும் மிக நன்றாகக் கடத்தும். உள்ளே கம்பி பழுதானால் முழுப் பாத்திரமும் ஷாக் அடிக்கும். ஈரக் கையோடு குழாயைத் திறப்பவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கம்பியை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்து விற்கலாம், அல்லது எடைக்குப் போட்டுவிடலாம். மின்சார வெந்நீர் வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹீட்டரையே வாங்கச் சொல்லுங்கள்.

5. குளியல் பாய்லர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பழைய பற்றுகளில் காரீயம் இருக்கலாம். அது உடம்பில் சேரும் நஞ்சு. குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் பலர் குழம்புகிறார்கள். டீக்கடைக்கென்று பழைய குளியல் பாய்லரை யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

உடைப்பதா, விற்பதா?

ஒரு பாய்லர் வந்ததும் நான் செய்யும் முறை இதுதான். காந்தம், புளி, பெயர் மூன்றையும் பார்ப்பேன். பிறகு வாய்வரை தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் காய்ந்த தரையில் வைப்பேன். காலையில் தரை காய்ந்திருந்தால் உடல் நன்றாக இருக்கிறது. குழாயடியில் மட்டும் ஈரம் என்றால் குழாய் மாற்றினால் போதும். அடுப்புச் சாம்பல் விழும் இடத்தில் ஈரம் என்றால் நடுக்குழாய் பற்று போயிருக்கிறது. அது பெரிய வேலை. தகடு மெலிந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் அது எடைக்குத்தான்.

நல்ல நிலையில் உள்ளதை உடைப்பது வியாபாரத்துக்கும் நஷ்டம். உருக்குக்குப் போனால் செம்பு விலை மட்டும்தான். கைவேலையுள்ள முழுப் பாய்லரைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளே வரிசையாக இருக்கின்றன. பஞ்சாபில் ஜண்டியாலா குருவில் தட்டேரா சமூகத்தார் பித்தளை, செம்புப் பாத்திரம் அடிக்கும் கலையை 2014-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் பல் கோத்துப் பற்று வைக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். உடைத்த பாய்லரைத் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

வாங்கும்போது கொண்டுவந்தவரின் பெயர், முகவரி, தேதி, எடை ஆகியவற்றை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கினாலும் அலைச்சல் நமக்குத்தான். கோயில், மடம், சத்திரம் என்று பெயர் வெட்டியிருந்தால் விசாரிக்காமல் தொடவே கூடாது.

ஆரம்பத்தில் போன் செய்த தம்பிக்கு இவற்றையெல்லாம் போனிலேயே சொன்னேன். அவர் காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. புளி வைத்துத் தேய்த்தார், சிவப்பு. தேய்த்த இடத்துக்கு மேலே ஒரு பெயரும் 1961 என்ற வருடமும் தெரிந்திருக்கிறது. வாய்விட்டுப் படித்தாராம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அது எங்க மாமியார் பேரு. எவ்வளவு செலவாகும் சரி பண்ண?" என்று கேட்டாராம். பாய்லர் இப்போது என் கடையில் குழாய் மாற்ற வந்திருக்கிறது. புது வீட்டிலும் கொல்லைப்புறத்தில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் தம்பிக்கு இதில் கிடைத்தது குழாய்க் கூலியில் ஒரு சிறு பங்கும், கால் கிலோ எலுமிச்சை உப்பு விற்ற லாபமும்தான். எடைக்குப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும். ஆனால் அந்த அம்மா இந்த மாதம் வீட்டுக்கான முழு மளிகைச் சாமானையும் அவர் கடையில்தான் வாங்கினார்களாம்.